நானா?

ஆங்கிலத்தில் நான்கே எழுத்து: என், ஏ, என், ஏ. ராணுவ ஆஸ்பத்திரிகளில் கிளார்க்காக இருந்த 22 வருடத்தில் இதை எத்தனை தடவை டைப் அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. 'நைதர் ஆட்ரிபியூட்டபிள் டு நார் அக்ரவேட்டட் பை மிலிட்டரி சர்வீஸ்' என்று முழுசாக அடித்தால் கட்டத்தில் அடங்காது, அதனால் சுருக்கம். இந்த நோய் படையில் இருந்ததால் வந்ததும் இல்லை, படையில் இருந்ததால் முற்றியதும் இல்லை என்று பொருள். டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்பது அதன் பச்சையான அர்த்தம். கூட வேலை பார்த்த இந்திக்காரர்களுக்கு 'நானா' என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. "நானாஜி வந்துட்டார்" என்று சிரித்துக்கொண்டே ஃபைலைக் கட்டுவார்கள். நம் ஊர்ப் பையன்கள் காதில் அது வேறு மாதிரி விழும். "உன் கேஸ் நானா" என்றால் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "நானாண்ணே? நான் என்ன பண்ணேன்?" என்பார்கள்.

2002இல் வெளியே வந்து மந்தைவெளியில் குடியேறினேன். எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று முன்னாள் படைவீரர்கள் அப்பீல் எழுதச் சொல்லி வர ஆரம்பித்தார்கள். காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக்கொள்வேன். பெரும்பாலும் சந்திப்பது தேனாம்பேட்டையில்தான். 618, அண்ணா சாலையில் பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் இருக்கிறது, எங்கள் பாஷையில் சி.டி.ஏ. பென்ஷன் விஷயமாக எந்த மாவட்டத்துக்காரர் பட்டணம் வந்தாலும் ஒருமுறை அந்த வாசலை மிதிக்காமல் போகமாட்டார். நவம்பரில் ஆயுள் சான்றிதழுக்கு வரிசை நிற்கும். இப்போது 'ஸ்பர்ஷ்' வந்து எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது, வரிசை மெலிந்துவிட்டது.

வந்தவர்களில் கை கால் போனவர்கள் கேஸ் எனக்குச் சுலபம். குண்டு பாய்ந்த இடம் இருக்கும், தேதி இருக்கும். தும்மல்காரர்கள் கேஸ்தான் திணறடிக்கும். ஃபைலில் 'அலர்ஜிக் ரைனைட்டிஸ்' என்று இருக்கும். ஊரில் அதற்குப் பீனிசம் என்று பழைய பெயர், இப்போது டஸ்ட் அலர்ஜி. வள்ளுவர்கூடத் தும்மலைக் காமத்துப்பாலில்தான் வைத்தார். யாரோ நினைக்கிறார்கள், யாரோ ஊடுகிறார்கள் என்கிற சங்கதி அது. அதை ஒரு ஊனம் என்று டில்லிக்கு எழுதி நம்ப வைக்கவேண்டும் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

2014 கடைசியில் வந்த, நாயக் பதவியில் இருந்த ஒருவரைச் சொல்கிறேன். வேலூர்ப் பக்கம். அந்தப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒரு சீருடையாவது இருக்கும். இவர் 1983இல் ஏ.எஸ்.சி. என்கிற ராணுவ சப்ளைப் பிரிவில் டிரைவராகச் சேர்ந்து 2005இல் தவணை முடிந்து வந்தவர். நெற்றியில் நீர்க்கோவை மாத்திரையை இழைத்துப் பற்றுப் போட்டிருந்தார். திருவான்மியூர் இம்ப்காப்ஸில் வாங்கியது, பட்டணம் வந்தால் நாலைந்து டப்பா வாங்கிப் போவாராம். மெட்ரோவுக்காக அண்ணா சாலையைத் தோண்டிப் போட்டிருந்த வருடங்கள் அவை. டீ வருவதற்குள் பதினோரு தும்மல். எண்ணினேன், பழைய புத்தி.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது, படையை விட்டு வரும்போது நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் அறிக்கை நகல். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்ற படிவம். எனக்கு அது சொந்த வீட்டு ரேஷன் கார்டு மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கட்டம் எங்கே என்று சொல்வேன். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் ஒரு அட்டவணை. நோயின் பெயர், சேவையால் வந்ததா, சேவையால் முற்றியதா, சம்பந்தமே இல்லையா, அப்புறம் ஓரத்தில் ஒல்லியாக ஒரு கட்டம்: காரணம். இவருடையதில் 'இல்லை, இல்லை, ஆம்' என்று அடித்துவிட்டு, காரணத்தில் ஒற்றைச் சொல், 'கான்ஸ்டிட்யூஷனல்'. உடம்புவாகு என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். ஊனம் 15 முதல் 19 சதவீதம், வாழ்நாள் முழுக்க. பென்ஷனுக்குத் தகுதியான நிகர ஊனம்: நில்.

"இந்தப் படிவத்துல முதல் பக்கம் பாத்தீங்களாண்ணே?" என்றார்.

பார்த்தேன். அது சிப்பாயின் சொந்த வாக்குமூலம். படையில் சேரும் முன் இந்த நோய் இருந்ததா? எந்தச் சம்பவம், எந்தப் பணி இதை உண்டாக்கியது என்று நினைக்கிறாய்? எல்லாவற்றுக்கும் 'நில்'. தமிழில் படித்தாலும் அர்த்தம் சரியாகத்தான் வருகிறது, கேஸ் அங்கேயே நின்றுவிடும். இதை அவர் எழுதவில்லை என்று அவர் சொல்லவேண்டியதில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போர்டுக்கு வருவார்கள். இங்கிலீஷ் தெரியாத பையனிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, அவன் லடாக்கிலிருந்து ஆரம்பித்துச் சொல்லச் சொல்ல அடிக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? நில், நில், கையெழுத்துப் போடு, அடுத்த ஆள். நானும் அப்படித்தான் அடித்தேன். வேறு ஆஸ்பத்திரி, வேறு வருடங்கள். ஆனால் அதே விரல் வேலை.

இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடப் போய்த்தான் கன்னிமாரா நூலகத்தில் என் பல சாயங்காலங்கள் கழிந்தன. வில்சன் எழுதிய மெட்ராஸ் படையின் வரலாறு, ஐந்து தொகுதி. அந்தத் தூசியில்தான் எனக்கே மூக்கு ஒழுக ஆரம்பித்தது. அது சேவைக்குப் பிறகு வந்த அலர்ஜி, அரசாங்கத்தின் மேல் பழி போட முடியாது.

சென்னையில் நோயாளிச் சிப்பாயின் கதை 1664இல் ஆரம்பிக்கிறது. கோட்டைக்குள் கும்பெனிச் சோல்ஜர்களுக்காகத் திறந்த சின்ன ஆஸ்பத்திரிதான் வளர்ந்து இன்றைக்கு சென்ட்ரல் எதிரில் நிற்கும் பொது மருத்துவமனை ஆகியிருக்கிறது. வைத்தியம் அப்போதே உண்டு, வைத்தியத்துக்குப் பிறகு என்ன என்பதற்குத்தான் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1770இல் கிளைவ் நிதி வந்தது. வங்காள நவாப் மீர் ஜாஃபர் கிளைவுக்கு விட்டுப்போன ஐந்து லட்ச ரூபாய் அதன் மூலதனம். உடம்பு கெட்டுப்போன வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் சோல்ஜர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் அதிலிருந்து படி. நவாப் பணம், ஆனால் நம் ஊர்ச் சிப்பாய்க்கு அதில் பங்கு இல்லை. வெள்ளைக்கார பென்ஷன்காரர்களைத் திருவள்ளூர் பக்கத்துத் திருப்பாச்சூரில் குடி வைத்தார்கள். நம் ஆட்களில் நடக்க முடிந்தவர்களை வெட்டரன் பட்டாளம் என்று தனியாகப் பிரித்துக் காவல் வேலைக்குப் போட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் இரண்டு போர்களும் பிரச்சினையைப் புரட்டிப் போட்டன. கோடிக்கணக்கில் ஆள் எடுத்தால் காயத்தைவிட நோயோடு திரும்புகிறவன் அதிகம். பிரிட்டனில் 1943 வரைக்கும், நோய் சேவையால் வந்தது என்று சிப்பாய்தான் நிரூபிக்கவேண்டியிருந்தது. அந்த வருடம் பெரிய கூச்சலுக்குப் பிறகு விதியை மாற்றினார்கள்: சேர்த்துக்கொள்ளும்போது நல்ல உடம்பு என்றுதானே எடுத்தாய், அப்படியானால் சேவையால் வரவில்லை என்று நீ நிரூபி. பென்ஷன் அப்பீல் ட்ரிப்யூனல்களும் அதே வருடச் சட்டம். போர் முடிந்த கையோடு அந்த அப்பீல்களைக் கேட்க நியமிக்கப்பட்டவர் டென்னிங். பின்னால் பெரிய பெயர் எடுத்த நீதிபதி. அவர் 1947இல் மில்லர் வழக்கில் எழுதிய தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். எவ்வளவு சந்தேகம் இருந்தால் போதும் என்பதைப் பற்றியது அது.

நம் ராணுவத்தின் 1982ஆம் வருட பென்ஷன் உரிமை விதிகளைப் படித்தால் அந்தச் சாயல் நன்றாகத் தெரியும். ஐந்தாவது விதி, சேரும்போது குறித்து வைத்ததைத் தவிர மற்றபடி ஆள் நல்ல உடம்போடு வந்தான் என்று வைத்துக்கொள் என்கிறது. ஒன்பதாவது விதி, அவனை நிரூபிக்கச் சொல்லாதே, நியாயமான சந்தேகம் இருந்தால் அவன் பக்கம் கொடு என்கிறது. பதினான்காவது, சேரும்போது பதியாத நோய் சேவையில்தான் வந்தது என்று கொள், அப்படி இல்லை என்றால் சேரும்போதே கண்டுபிடித்திருக்க முடியாது என்பதற்குக் காரணம் எழுது என்கிறது. இவ்வளவு தாராளமான விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் நானா, நானா என்று அடித்துக்கொண்டிருந்தோம்.

இதில் மூக்குக்கு மட்டும் ஏன் இத்தனை கஷ்டம் என்றால், தப்பு டாக்டர்கள் மேல் முழுசாகப் போட முடியாது. அலர்ஜி என்கிற நோயின் சரித்திரமே அப்படி. 1819இல் ஜான் பாஸ்டாக் என்ற டாக்டர் கோடைகாலம்தோறும் தனக்கு வரும் தும்மலையும் கண்ணீரையும் லண்டன் மருத்துவச் சபையில் விவரித்தார், நோயாளி அவரேதான். 1873இல் மான்செஸ்டர் டாக்டர் பிளாக்லி பட்டம் விட்டு உயரக் காற்றில் மகரந்தம் பிடித்து, காரணம் பூந்தூள் என்று காட்டினார். அலர்ஜி என்ற சொல்லையே 1906இல் வியன்னாவின் பிர்கே உண்டாக்கினார். 1923இல் அமெரிக்காவில் கோக்கா, குக் என்ற இருவர், இது குடும்பத்தில் இறங்கும் ஒரு வாகு என்று 'ஏடோபி' எனப் பெயர் வைத்தார்கள். மெடிக்கல் போர்டு இந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டது. வாகு பிறவியில் வந்தது, அதனால் நோய் உன்னுடையது. பட்டம் விட்டவரை மறந்துவிட்டார்கள்.

வாகு பிறவிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் தூண்டுவதற்கு ஏதாவது வேண்டுமே. பார்த்தீனியச் செடி 1950களில் புணேயில் முதலில் கண்ணில் பட்டு, அப்புறம் பெங்களூர் முழுக்கப் பரவியது. காங்கிரஸ் புல் என்பார்கள். ஊரில் ஒரு நாள் தும்மாத பையன் பெங்களூர் பயிற்சி மைதானத்தில் அதன் மேல் தவழ்ந்த மூன்றாம் மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எம்.ஐ. ரூமுக்கு, அதாவது பட்டாளத்து வைத்திய அறைக்கு, வருவதை நான் பார்த்திருக்கிறேன். இந்த நாயக்கின் கதை வேறு. ஜோஜிலா கணவாயில் கான்வாய். முன்னால் முப்பது சக்திமான் லாரி போனால் பின்னால் வருகிறவன் சுவாசிப்பது காற்று இல்லை, ரோடு. ராத்திரி தங்கும் இடத்தில் மண்ணெண்ணெய் புகாரி அடுப்பு. காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பு. தும்மலுக்கு சி.பி.எம். மாத்திரை கொடுப்பார்கள். அதைப் போட்டால் தூக்கம் சொக்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், கையில் ஸ்டீயரிங். மாத்திரை போட்டால் தூக்கம், போடாவிட்டால் வளைவில் ஐந்து தும்மல், அந்த நேரம் கண் மூடும்.

"போடாமதாண்ணே ஓட்டுவேன்" என்றார். "தும்மல் வரும்போது தெரியும், பிரேக்ல காலை வெச்சுக்கலாம். தூக்கம் சொல்லிட்டா வருது?"

இதை நான் அப்பீலில் அப்படியே இங்கிலீஷ் படுத்தி வைத்தேன். இருபத்திரண்டு வருட ஃபைலில் எங்கேயும் இல்லாத விஷயம். ஊனம் மூக்கில் இல்லை, டிரைவர் சீட்டில் இருந்தது.

அப்போது அப்பீலுக்கு வழி இப்படி. முதல் அப்பீல் ராணுவத் தலைமையகத்தில் அதற்கென்று உள்ள குழுவுக்கு. இரண்டாவது, பாதுகாப்பு அமைச்சரின் பென்ஷன் மேல்முறையீட்டுக் குழுவுக்கு. இவர் இரண்டையும் முன்பே போட்டுத் தோற்றிருந்தார், இரண்டு பதிலிலும் அதே கான்ஸ்டிட்யூஷனல். அதற்கு மேல் ஒரு காலத்தில் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடவேண்டும், எந்த நாயக்கால் முடியும்? 2007இல் ஆயுதப்படை ட்ரிப்யூனல் சட்டம் வந்து, 2009 ஆகஸ்டில் டில்லியில் ட்ரிப்யூனல் திறந்து, சென்னைக்கும் ஒரு அமர்வு கிடைத்த பிறகுதான் காஞ்சிபுரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் காலை பஸ் பிடித்து வந்து வாய்தாவுக்கு நிற்க முடிந்தது.

அதைவிடப் பெரிய திருப்பம் 2013 ஜூலை 2. தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1985இல் சேர்ந்தவர், வலிப்பு என்று 1994இல் வெளியே அனுப்பினார்கள், பென்ஷன் இல்லை. போர்டு காரணம் எழுதவில்லையே, காரணம் இல்லாத கருத்தை எப்படி ஏற்பது என்று கேட்டது கோர்ட். 1982 விதிகளை வரிசையாக எடுத்துப் படித்துக் காட்டியது. அந்தத் தீர்ப்பின் நகலை மைலாப்பூர் கச்சேரி ரோடில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருபது பிரதி போட்டேன். ஓரத்தில் ஒல்லியாக இருந்த அந்தக் கட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் அவ்வளவு பெரிய மரியாதை கொடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதை நிரப்பாமல் விட்டதில் என் பங்கு எவ்வளவு என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன், தூக்கம் வரவில்லை.

சதவீதக் கணக்கு தனிக் கூத்து. 1961 பென்ஷன் ஒழுங்குமுறையின் 173ஆவது பிரிவில் 20 சதவீதம் என்று ஒரு கோடு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மேலே என்றால் 1996 முதல் தாராளம்: 50க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் 50 ஆக்கு, அப்புறம் 75, அப்புறம் 100. முதலில் இது நோயால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. 2014 டிசம்பர் 10, ராம் அவதார் வழக்கில், தவணை முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் நாயக் என்னைத் தேடி வந்ததே. 20 என்று இருந்தால் 50, 19 என்று இருந்தால் பூஜ்யம். மூக்குக்கு 15 முதல் 19 என்று போடும் பழக்கம் எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், அடித்தவன் நான், போட்டவன் நான் இல்லை.

அமெரிக்காவில் இதே மூக்குக்கு எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. சதை வளர்ச்சி இல்லாமல் இரண்டு துவாரமும் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலோ, ஒன்று முழுக்க அடைத்திருந்தாலோ 10 சதவீதம். சதை வளர்ந்திருந்தால் 30. அங்கே 10 என்றாலும் மாதப் பணம் உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் குப்பைக் குழிகளை எரித்த புகையையும் பாலைவனத் தூசியையும் சுவாசித்தவர்களுக்கு 2021இல் இன்னொரு படி போனார்கள்: அந்த இடங்களில் இருந்துவிட்டு வந்தவனுக்குப் பத்து வருடத்துக்குள் ஆஸ்துமாவோ நாள்பட்ட மூக்கழற்சியோ சைனஸோ வந்தால் சேவையால்தான் வந்தது என்று வைத்துக்கொள். மறு வருடம் பேக்ட் சட்டம் அந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது. நாம் எதிர்த்திசையில் நடந்தோம். 2008 விதிகளில் அந்தப் பழைய 'வைத்துக்கொள்' எல்லாம் கழன்றுவிட்டது, சேவையில் நோய் வெளிப்பட்டது என்பது மட்டும் போதாது என்று எழுதிவிட்டார்கள். 2023 செப்டம்பர் 21 முதல் இன்னொரு புது விதி, தவணை முடித்தவர்களுக்குப் பெயரே 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று மாறிவிட்டது. என் நாயக்கின் நல்ல காலம், அவர் 2005இல் வந்தவர், 1982 விதிதான் பொருந்தும்.

ட்ரிப்யூனல் வழக்கு 2017இல் முடிந்தது. சேவையால் முற்றியது என்று ஏற்றுக்கொண்டார்கள். சதவீதத்துக்கு மட்டும் மறு மெடிக்கல் போர்டு.

போர்டு நாளில் கூடப் போனேன். அதற்கு முந்தின வாரம் முழுக்க மழை, காற்றில் தூசி அடங்கிப்போயிருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து இவருக்கு ஒரு தும்மல் இல்லை. முகம் தெளிவாக இருந்தது, பத்து வயது குறைந்த மாதிரி. வரிசையில் உட்கார்ந்து மூக்கைத் தேய்த்துப் பார்த்தார், ஊதுபத்திக் கடையை நினைத்துப் பார்த்தார். ஒரு தடவை வருகிற மாதிரி வாயைத் திறந்தார், வரவில்லை. உள்ளே டாக்டர் சின்னப் பையன், மரியாதையான பையன். டார்ச் அடித்துப் பார்த்தார், பழைய எம்.ஐ. ரூம் பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார், ஓட்டிய வண்டி என்ன, எந்த ரோடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நாற்பது நிமிடம். நான் இருந்த காலத்தில் நாலு நிமிடத்தில் முடியும் வேலை.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. ஊனம் 15 முதல் 19. மேலே போகலாமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே 2019 டிசம்பரில், விங் கமாண்டர் ரத்தோர் வழக்கில், 20க்குக் கீழே என்றால் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பேப்பர் வந்த அன்றைக்கு, தேனாம்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து அதை அவருக்கு வாசித்தேன். சதவீதத்தை முதலில் சொல்லிவிட்டேன், ஒளித்து என்ன பயன். தலையாட்டினார். அப்புறம் காரணக் கட்டத்தைப் படித்தேன். ஒல்லிக் கட்டம் பத்தாமல் கீழே தொடர்ந்து நாலு வரி அடித்திருந்தார்கள். உயரமான மலைப்பகுதியில் நீண்ட காலம் கான்வாய் வண்டி ஓட்டியது, தூசி, மண்ணெண்ணெய்ப் புகை, தூக்கம் தரும் மருந்தைத் தவிர்த்து ஓட்ட நேர்ந்தது. சேவையால் முற்றியது: ஆம்.

இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்ப நானா இல்லைங்கறாங்க" என்றார்.

"இல்லைங்கறாங்க."

பேப்பரை வாங்கி மடிக்காமல் அப்படியே பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். "இதுக்கு ரெண்டு ஜெராக்ஸ் போட்டுக்கலாமாண்ணே? ஒண்ணு லேமினேட் பண்ணணும்" என்று கேட்டுவிட்டு, டீக்குக் காசு கொடுக்க எழுந்தார்.